தேர் வரும் தெரு

சென்ற ஆண்டு எமது பதுளை நகரிலே சுவாமி வீதியுலா எழுந்தருளிய மாலைப்பொழுதை எமது சங்கத்து அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தவிலும் நாதஸ்வரமும் முழங்க, அடியார்கள் அரோகரா ஒலியெழுப்ப, கடைவீதியைத் தாண்டி அசைந்து வந்த தேர் ஒரு வளைவிலே திடீரென நின்றுவிட்டது. மேலே தாழத் தொங்கிய மின்கம்பிகள். ஒரு புறத்தே நிறுத்தப்பட்டிருந்த லொறி. மறு புறத்தே மூடி உடைந்து வாய்பிளந்து கிடந்த கான். வாலிபர்கள் மூங்கிற் கழிகளால் கம்பிகளை உயர்த்திப் பிடித்தார்கள். லொறிச் சாரதியைத் தேடிச் சிலர் ஓடினார்கள். முக்கால் மணி நேரம் சுவாமி தெருவிலே காத்திருந்தார்.

அப்போது எம் அருகே நின்ற முதியவர் ஒருவர், "தம்பி, எங்கள் காலத்திலே தேர் வருமுன் தெரு தயாராயிருக்கும். நீங்கள் தேர் வந்து நின்ற பிறகுதான் தெருவைப் பார்க்கிறீர்கள்" என்றார். அச்சொல் எம் நெஞ்சிலே தைத்தது.

நாம் மிஷன் பாடசாலையிலே பயின்றவர்கள். ரோமாபுரியின் பாதைகளையும் பாரிஸ் மாநகரின் அகன்ற வீதிகளையும் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோம். ஆனால், எமது கீழ்த்தெருவும் கடைவீதியும் எப்படி உண்டாயின என்பதை எவரிடமும் கேட்டதில்லை. பெரியவரின் சொல்லுக்குப் பின்னரே, ஒரு தெரு எதனால் சீர்பெறுகிறது, எதனாற் சீர்கெடுகிறது என்பதை அறிய முற்பட்டோம். அத்தேடலிற் கிடைத்தவற்றை வாலிபர்க்கும் பெரியோர்க்கும் இம்மலரிலே முன்வைக்கின்றோம்.

மாதங்களின் பெயர் பூண்ட வீதிகள்

தேருக்கும் தெருவுக்கும் உள்ள உறவைக் காணவேண்டுமாயின் மதுரைக்குச் செல்லவேண்டும். மீனாட்சியம்மன் ஆலயத்தை நடுவாக வைத்து ஒன்றைச் சுற்றி ஒன்றாக அமைந்த சதுர வீதிகள் அங்கே உள்ளன. ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என அவற்றுக்குப் பெயர். திருவிழா மாதங்களின் பெயரையே வீதிகள் தாங்கி நிற்கின்றன. பதினாறாம் நூற்றாண்டிலே விசுவநாத நாயக்கர் காலத்திற் புதுக்கியமைக்கப்பட்ட நகரமைப்பு இது எனக் கூறுவர். தேர் திரும்புவதற்கு இடமும், அடியார் நிற்பதற்கு இடமும், வீட்டுத் திண்ணைக்கு இடமும் அங்கே முன்னரே எண்ணி விடப்பட்டன.

அந்நகரம் ஒரு காலத்திலே கோட்டைச் சுவருக்குள் நெருக்குண்டு கிடந்தது. 1840ஐ அடுத்த ஆண்டுகளிலே கலெக்டராயிருந்த பிளாக்பேர்ன் என்பவர் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்கும் வேலையைத் தொடங்கினார். இடித்துத் தூர்க்கும் உழைப்பிற் பங்கெடுத்த மக்களுக்கே அந்நிலம் கிடைக்க வழிசெய்தார். அவ்வாறே வெளி வீதிகள் பிறந்தன. அப்பணியிலே துணைநின்ற பெருமாள் மேஸ்திரியின் பெயரையும் மாரெட் என்பவரின் பெயரையும் தாங்கிய வீதிகள் இன்றும் மதுரையில் உள்ளன. பாடுபட்ட மேஸ்திரி ஒருவரின் பெயர் ஒரு வீதிக்கு நிலைத்து நிற்பதை எமது மலைநாட்டு வாலிபர்கள் மனத்திற் கொள்வார்களாக. இதன் பொருள் இக்கட்டுரையின் இறுதியிலே விளங்கும்.

இடிப்பதா, காப்பதா?

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே உலகம் முழுவதும் வியந்து பார்த்த தெருச் சீரமைப்பு பாரிஸ் நகரிலே நடந்தது. மூன்றாம் நெப்போலியனின் ஆணைப்படி 1853 முதல் 1870 வரை ஓஸ்மான் என்னும் அதிகாரி பழைய குடியிருப்புகளை இடித்து, நேர்கோடாக அகன்ற வீதிகளை வெட்டினார். காற்றும் ஒளியும் வந்தன. நிலத்தடிக் கான்களும் நல்ல நீரும் வந்தன. ஆனால், இடிபட்ட வீடுகளில் வாழ்ந்த ஏழை மக்கள் நகரின் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டார்கள். வீதி அழகு பெற்றது. வீதியிலே வாழ்ந்தவர் மறைந்தார்.

இவ்வழிக்கு மாறான வழியொன்றைக் கண்டவர் ஸ்கொத்லாந்து தேசத்தவரான பற்றிக் கெடிஸ். 1854இற் பிறந்த இவர் உயிரியல் கற்றவர். செடியையும் அது வளரும் மண்ணையும் பிரித்துப் பார்க்கலாகாது என்பதே அவர் கற்ற பாடம். நகரையும் அவர் அவ்விதமே நோக்கினார். திருமணம் முடித்தபின் தம் மனைவி அன்னாவுடன் எடின்பரோவின் பழைய நகரிலே, வறியோர் நெருங்கி வாழ்ந்த முடுக்கு ஒன்றிற் குடிபுகுந்தார். அயலவரோடு சேர்ந்து சுவருக்குச் சுண்ணாம்பு பூசினார். குப்பை கிடந்த முற்றங்களைப் பூந்தோட்டமாக்கினார். வெளியிலிருந்து உபதேசம் செய்யாமல், குடியிருந்து காட்டினார்.

1914இலே சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு இவரை அழைத்தார். நகர அமைப்பைப் பற்றித் தாம் பல்லாண்டு சேர்த்த படங்களையும் வரைபடங்களையும் கெடிஸ் கிளான் கிராண்ட் என்னும் கப்பலில் அனுப்பினார். அக்கப்பலை, சென்னைமீது குண்டுவீசிச் சென்ற அதே எம்டன் போர்க்கப்பல் நடுக்கடலிலே மூழ்கடித்தது. எம்டன் என்ற பெயரைக் கேட்டாலே எமது பாட்டன்மார் நடுங்கியதை நாம் அறிவோம். கெடிஸோ தளரவில்லை. நண்பர்கள் மீண்டும் சேர்த்தனுப்பிய படங்களைக் கொண்டு 1915இல் சென்னையிலே தம் கண்காட்சியை நடத்தினார். பின்னர் தமிழ்நாட்டு நகரங்கள் பலவற்றின் தெருக்களிலே கால்நடையாகவே திரிந்தார். தென்னாட்டுக் கோயில் நகரங்களின் அமைப்பு அவரைப் பெரிதும் கவர்ந்தது.

தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியிலே பழைய சந்துகளை அறுத்து நேரான அகன்ற தெருக்களை வெட்டும் திட்டமொன்று அவர் பார்வைக்கு வந்தது. அவர் அத்திட்டத்தை மறுத்தார். வீடு வீடாகப் பார்த்து, பாழடைந்த கட்டடங்களை மாத்திரம் அகற்றினாற் போதும். அவ்விடங்கள் சிறு முற்றங்களாகும். அங்கே மரம் நட்டால் நிழல் உண்டாகும். நல்ல வீடுகளும் கோயில்களும் கிணறுகளும் அப்படியே நிற்கும் என்றார். செலவும் மிகக் குறைவாகும் என எடுத்துக்காட்டினார். நோயுற்ற விரலுக்காகக் கையை வெட்டாத வைத்தியனின் முறை இது. முதலில் நடந்து பார். பின்னர் வரைபடம் தீட்டு என்பதே அவர் முறையின் சாரம்.

ஒரு நாள் மகாராஜா

கெடிஸின் வாழ்விலே எமது சங்கத்தார் யாவரும் அறியவேண்டிய நிகழ்ச்சி இந்தூர் சமஸ்தானத்திலே நடந்தது. 1917–18ஆம் ஆண்டுகளில் அவர் அங்கே நகர அமைப்புப் பணியிலே ஈடுபட்டிருந்தார். அந்நகரிலே கொள்ளைநோய் உயிர்களைக் குடித்துக்கொண்டிருந்தது. எலிகளின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சிகளே அந்நோயைப் பரப்புவன. எலிகளுக்கோ குப்பையே உறைவிடம். அதிகாரிகளின் கட்டளைக்கு மக்கள் அஞ்சினர், ஆனால் இணங்கவில்லை. வெள்ளைக்காரர் ஒருவர் வரைபடமும் கையுமாகச் சந்துகளிலே திரிவதைக் கண்டு வீட்டை இடிக்க வந்தவர் என்றே எண்ணினர்.

கெடிஸ் மகாராஜாவிடம் ஒரு வரம் கேட்டார். ஒரு நாளைக்குத் தம்மை மகாராஜாவாக்க வேண்டும் என்பதே அது. மகாராஜா இசைந்தார். உடனே ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. இவ்வாண்டுத் தீபாவளி ஊர்வலம் வழக்கமான வீதிகளிலே செல்லாது. எத்தெருவிலே அதிகமான வீடுகள் துப்புரவாக்கப்பட்டுப் புதுக்கப்பட்டிருக்கின்றனவோ அத்தெரு வழியாகவே செல்லும் என்றது அவ்வறிவிப்பு.

ஊர் முழுவதும் பரபரப்பாயிற்று. எந்தச் சாதியார் தெரு, எந்த மதத்தார் தெரு என்ற பேதமின்றி யாவரும் துடைப்பத்தையும் சுண்ணாம்பு வாளியையும் எடுத்தனர். குப்பையை அகற்ற இலவச வண்டிகள் விடப்பட்டன. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறிற்று. எலிகள் ஆயிரக்கணக்கிற் பிடிபட்டன. திருநாளன்று யானைகளும் குதிரைகளும் முன்செல்ல, நகரத் தொழிலாளரும் தோட்டிகளும் தூய ஆடையணிந்து மாலையுடன் ஊர்வலத்திலே மதிப்போடு நடந்தனர். கொள்ளைநோய் எலியின் பேருருவம் ஒன்று செய்யப்பட்டு இறுதியிலே எரியூட்டப்பட்டது. நேற்றுவரை சந்தேகத்தோடு பார்த்த மக்கள் அன்று முதல் கெடிஸைத் தம்மவராகக் கொண்டாடினர்.

அன்பர்களே, இதிலுள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். மக்கள் தம் தெருவைத் துப்புரவாக்கியது தண்டத்துக்கு அஞ்சியன்று. சுவாமி தம் வாசலுக்கு வரவேண்டும், ஊர் தம் வாசலைக் காணவேண்டும் என்ற ஆசையினாலே.

ஒரு நாட்சிறப்பினால் மாத்திரம் நகரம் சீர்பெறாது என்பதையும் மறைத்தல் ஆகாது. நீரும் கானும் பாதையும் ஆண்டு முழுவதும் பேணப்படவேண்டும். அதற்குப் பணமும் சட்டமும் வேண்டும். கெடிஸின் திட்டங்களிற் பல ஏட்டளவிலேயே நின்றுபோயின. 1921இலே கொழும்பு நகருக்கும் அவர் ஓர் அறிக்கை எழுதினார். நிழல் மரங்களும் பூங்காக்களும் நிறைந்த நகரமாகக் கொழும்பை அவர் கண்டார். அதன்பின் 1948ஐ ஒட்டி அபர்குரோம்பி தீட்டிய திட்டம் முதலாக வேறு பல வந்தன. கொழும்புக்குத் திட்டத்தின்மேல் திட்டம் கிடைத்தது. எமது மலைக்கோ?

எமது தெருக்களின் கதை

பதுளையின் தெருக்கள் வண்டிச் சில்லினாலே பிறந்தவை. முதியங்கனை விகாரையும் கதிர்காம தேவாலயமும் பழைமையானவை. அவற்றின் பெரஹரா ஊர்வலங்களுக்கு நெடுங்கால மரபு உண்டு. ஆனால் இன்றைய கடைத்தெருக்களை வளர்த்தது கோப்பியும் தேயிலையுமே. ஊவாவிலே பாதைகள் அமைப்பதற் பெயர்பெற்ற மேஜர் றோஜர்ஸ் 1845இல் அப்புத்தளையிலே இடி விழுந்து இறந்தார். அவர் நினைவாக எழுந்ததே எமது நகரத்து சென். மார்க் தேவாலயம். கோப்பி மூட்டைகள் இறங்கிய பாதையிலே அரிசி மூட்டைகள் ஏறின. அவ்வழியிற் கடைகளும் சந்தையும் தோன்றின. 1894இலே பண்டாரவளையை எட்டிய புகையிரதம், பதுளையை அடைவதற்கு 1924 பெப்ரவரி 5ஆந் தேதிவரை காலம் எடுத்தது. தெமோதரையின் வளையப் பாதையையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் இன்று உலகமே வந்து படம்பிடிக்கின்றது.

இத்தனை பாதைகளும் எதற்காக? தேயிலையை வெளியே கொண்டுசெல்வதற்காக. தேயிலையைப் பறித்தவர்களுக்காக ஒரு தெருவும் வரையப்படவில்லை.

லயத்தைச் சற்று எண்ணிப்பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது ஒரு காம்பராவின் வழக்கமான அளவு. முதுகோடு முதுகு ஒட்டிய காம்பராக்கள்; முன்னே ஓர் இஸ்தோப்பு; அதன் முன்னே கான். கானை அடுத்தது தேயிலை மலை. இங்கே வீதி என்பதே இல்லை. பெரட்டுக்குப் போகும் பாதையும், மலைக்கு ஏறும் பாதையும், கொழுந்து சுமந்து மடுவத்துக்குச் செல்லும் பாதையுமே உண்டு. மனிதர் கூடி நிற்பதற்கும், பிள்ளைகள் விளையாடுவதற்கும், முதியோர் அமர்வதற்கும் இடம் வரையப்படவில்லை. வேலைக்குச் செல்லும் வழி இருந்தது, ஊர் இல்லை.

அவ்வாறிருந்தும் எம் முன்னோர் ஒரு தந்திரம் செய்தனர். ஆண்டுக்கொரு முறை மாரியம்மன் திருவிழாவிலே கரகம் பாலித்து, அம்மனை மேற்கணக்குக்கும் கீழ்க்கணக்குக்கும் எழுந்தருளச் செய்தார்கள். அம்மன் வருகிறாள் என்றால் அதற்கு ஒரு வாரம் முன்னரே வாலிபர் புல் செருக்குவார்கள். கானின் சேற்றை அள்ளுவார்கள். உடைந்த படிக்குக் கல் வைப்பார்கள். பெண்கள் வாசலைச் சாணமிட்டு மெழுகி நிறைகுடம் வைப்பார்கள். அந்த ஓர் இரவிலே லயத்து வாசல் வீதியாகிவிடும். இந்தூரிலே கெடிஸ் செய்ததை, அவர் பெயரையே கேளாத எமது பாட்டிமார் ஊவா மலைகளிலே ஆண்டுதோறும் செய்துவந்தார்கள். திருவிழா முடிந்ததும் புல் மீண்டும் முளைத்தது. கானும் மீண்டும் நிறைந்தது. ஏன்?

அதற்குச் சட்டத்திலும் ஒரு விடை உண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை தன் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்டத்து மக்கள் வாக்களித்தார்கள். சபைக்கு உறுப்பினரையும் அனுப்பினார்கள். ஆனால் லயத்து முன்னாலுள்ள கானுக்கு ஒரு மூடை சீமெந்து கொடுக்கவும் சபை தயங்கிற்று. அத்தடை 2018இலேதான் திருத்தத்தின் மூலம் நீங்கியது. முப்பத்தொரு ஆண்டுகள்! அந்த ஆண்டிலேயே பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையை அமைக்கும் சட்டமும் வந்தது.

புது வீடும் புதுத் தெருவும்

2014 ஒக்டோபர் 29ஆந் தேதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடியதை எந்நாளும் மறக்கவியலாது. வரைபடம் தீட்டியவர் மண்ணைப் பார்க்கவில்லை என்றால் அதன் விலை உயிர் என்பதை அந்நாள் காட்டிற்று. பின்னர் 2016இலே, தப்பிய குடும்பங்களுக்குப் பூனாகலைப் பகுதியிற் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன. ஏழு பேர்ச்சஸ் காணியிலே தனி வீடு என்ற கொள்கை மலையெங்கும் பேசப்பட்டது. இந்திய உதவியுடனும் வீடுகள் எழுந்தன. 2017 மே 12ஆந் தேதி நோர்வூட்டிலே இந்தியப் பிரதமர் மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். நன்றியோடு இவற்றை ஏற்கின்றோம். ஆயினும் இன்றும் பல குடும்பங்கள் லயத்திலேயே வாழ்கின்றன.

இங்கேதான் எமது கவலை பிறக்கின்றது. வீடு கட்டினால் ஊர் உண்டாகிவிடுமா? வீடுகளுக்கிடையே மழைநீர் எவ்வழி ஓடும்? சவ ஊர்வலம் எவ்வழி செல்லும்? நோயாளியை ஏற்ற வாகனம் எங்கே திரும்பும்? அம்மன் எவ்வழி எழுந்தருளுவாள்? இவ்வினாக்கள் வீடு கட்டுமுன் கேட்கப்படவேண்டியவை. கட்டியபின் கேட்டாற் பயனில்லை.

இன்னொன்றும் உண்டு. பல தோட்டங்களிலே ஒவ்வொரு வீட்டுக்கும் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறிச் செல்கின்றன. எம் நண்பர் ஒருவருக்கு வந்த நேர்முகப் பரீட்சை அழைப்பு, பரீட்சை முடிந்து நான்காம் நாள் கைக்குக் கிடைத்தது. அவர் யாரையும் குறை கூறவில்லை, "எங்கள் வீட்டுக்குத் தெரு ஏது, கடிதம் வந்து சேர?" என்று சிரித்தார். அச்சிரிப்பை நாம் தாங்கமாட்டோம். மதுரையிலே பெருமாள் மேஸ்திரிக்கு ஒரு வீதி உண்டு. ஊவாவின் காட்டை வெட்டி மலையைத் திருத்திய எம் முன்னோரின் பெயரிலே ஒரு சந்தாவது உண்டா?

நாம் செய்யக்கூடியவை

அரசாங்கம் செய்யவேண்டியதை அரசாங்கமே செய்யவேண்டும். மாநகரசபை செய்யவேண்டியதை மாநகரசபையே செய்யவேண்டும். அவற்றைக் கேட்பது எமது உரிமை. கேட்பதற்கு முன் அறிந்திருப்பது எமது கடமை. ஆகவே சங்கத்தின் முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கின்றோம்.

முதலாவது: அடுத்த திருவிழாவுக்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், வாலிபரும் பெரியோரும் சேர்ந்து தேர் செல்லும் வழி முழுவதையும் நடந்து பார்ப்போம். உடைந்த கான் எது, தாழ்ந்த கம்பி எது, நிழலற்ற இடம் எது, முதியவர் தடுக்கி விழும் படி எது எனக் குறித்துப் படம் வரைந்து மாநகரசபையிடம் கையளிப்போம். பெரஹராவும் இதே தெருக்களிலே செல்கின்றது. ஆதலால் விகாரையின் இளைஞரையும், இத்தெருக்களிலே கடை நடத்தும் முஸ்லிம் அன்பர்களையும் உடனழைப்போம். கானிலே ஓடும் நீருக்கு மதம் இல்லை.

இரண்டாவது: ஒவ்வோர் ஆண்டும் தேர் வழியிலே ஒரு புதுத் தெருவைச் சேர்ப்போம். எத்தெரு மக்கள் தம் தெருவை நன்கு பேணினார்களோ அத்தெரு அவ்வாண்டின் தெரு. வழக்கத்தை மாற்றலாகாது என்று பெரியோர் சிலர் கூறக்கூடும்; அவர்கள் கவலை நியாயமானதே. ஒரு வாசலுக்கு வந்த சுவாமியை மறுஆண்டு வாராமற் செய்தல் ஆகாது. ஆகையினால் எத்தெருவையும் நீக்கவேண்டாம். சேர்த்தல் மாத்திரமே செய்வோம். பழைய ஊர்களிலே சில குடியிருப்புகளின் பக்கம் தேரே செல்லாதிருந்த வரலாறும் எமக்கு உண்டு. அக்குறையை நீக்குவதும் வழிபாடே.

மூன்றாவது: சங்கத்துக்கு உறுப்பினர் உள்ள ஒவ்வொரு தோட்டத்திலும் பாதைகளின் படம் ஒன்றை வரைவோம். பாட்டன் பாட்டிமாரிடம் கேட்டு ஒவ்வொரு பாதைக்கும் ஒரு பெயர் எழுதுவோம். பெயரும் இலக்கமும் பெற்ற வீட்டை அரசாங்கம் புறக்கணிப்பது கடினம். அந்தப் படத்தைப் பிரதேச சபையிடமும் தபால் அதிபரிடமும் நாமே கொண்டுசெல்வோம்.

ஊர் கூடித் தேர் இழுக்கவேண்டும் என்பது எம்மவர் வாக்கு. தேரின் வடத்தைப் பிடிக்கும் கைகள் ஒரு நாளாவது மண்வெட்டியையும் பிடித்தால், அடுத்த ஆண்டு அவ்வளைவிலே சுவாமி காத்திருக்கமாட்டார். அன்று எம் அருகே நின்ற பெரியவருக்கு நாம் சொல்லவேண்டிய மறுமொழி அதுவே. அப்பணிக்கு முதற்படியாக, வரும் மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தத்தம் தெருவின் அல்லது லயத்தின் படமொன்றைக் கையால் வரைந்து எடுத்து வரும்படி அன்புடன் வேண்டுகின்றோம். எல்லாம் வல்ல இறைவன் துணைநிற்பானாக.